வாசல் ராம்ப் தேய்ந்துவிட்டதா? பழுது பார்ப்பது முதல் புதிதாகக் கட்டுவது வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு மராமத்து வேலைகளை எடுத்துச் செய்கிறேன். சக்கர நாற்காலி உள்ள வீடுகளில் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே வைத்து, பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன். நம் ஊர் சிமெண்ட் ராம்ப்பை மனதில் வைத்து எழுதியது. இரும்பு, அலுமினியம், மரம் பற்றித் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

1. மேலே சிமெண்ட் பெயர்ந்து ஜல்லி தெரியுது. ஒரு கோட்டிங் பூசினா போதுமா, இடிச்சுத்தான் கட்டணுமா?

மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதலில் சாய்வு. அது சரியில்லை என்றால் மேலே என்ன பூசினாலும் வீண். அளக்கும் விதம் அடுத்த பதிலில் இருக்கிறது. இரண்டாவது, சுத்தியலின் கைப்பிடியால் அல்லது ஒரு கம்பியால் ராம்ப் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடத்தில் 'டங்' என்று கேட்கும், அடியில் காலியான இடத்தில் 'டொப்' என்று கேட்கும். காலியாக ஒலிக்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது விரிசல். முடி கனத்தில் இருந்தால் பயமில்லை. ஒரு ரூபாய் நாணயம் உள்ளே நுழைகிறது, அல்லது விரிசலின் ஒரு பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கிறது என்றால் அடிமண் இறங்கிவிட்டது என்று பொருள்.

சாய்வு சரி, காலி ஒலி அங்கங்கே கொஞ்சம், விரிசல் மெல்லியது என்றால் ஒட்டு வேலை போதும். சாய்வு தப்பு என்றாலோ, பாதிப் பரப்புக்கு மேல் காலியாக ஒலித்தாலோ இடித்துவிடுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான வீடுகளில் சாய்வு ஆரம்பத்திலிருந்தே தப்பு. பைக் ஏற்றுவதற்காகக் கட்டிய ராம்ப்பை, வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனதும் நாற்காலிக்குப் பயன்படுத்த ஆரம்பித்திருப்பார்கள். மேலே சிமெண்ட் பெயர்ந்த பிறகுதான் அதைக் கவனிக்கவே தோன்றும்.

2. சாய்வு சரியா இருக்கான்னு நானே எப்படி பார்க்கிறது?

நேரான நான்கு அடிச் சட்டம் ஒன்றும் ஒரு ரசமட்டமும் போதும். சட்டத்தின் ஒரு முனையை ராம்ப்பின் மேல்பக்கமாக வைத்து, கீழ்முனையைத் தூக்கி மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது கீழ்முனைக்கும் ராம்ப்புக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று டேப்பில் பாருங்கள். 4 அங்குலம் இருந்தால் 1:12, அதாவது ஒரு அங்குலம் ஏற 12 அங்குல நீளம், அதுதான் சரியான சாய்வு. 6 அங்குலம் என்றால் 1:8. 8 அங்குலம் என்றால் 1:6. ஒரு அடியே வந்துவிட்டால் 1:4, அது பைக் ராம்ப். கைப்பேசியில் கோணம் காட்டும் செயலி இருந்தால் 1:12 என்பது ஏறக்குறைய 4.8 டிகிரி.

மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்திலும் அளந்து பாருங்கள். நடுவில் இறங்கிய ராம்ப்பில் மேல்முனை மட்டும் செங்குத்தாகிவிடும். சராசரி சரியாக இருந்தாலும், நாற்காலி நிற்பது அந்த இடத்தில்தான்.

3. எங்க வாசல் மூணு படி. 1:12 கணக்குப்படி 18 அடி ராம்ப் வேணுமாம். அவ்வளவு இடத்துக்கு எங்க போறது?

கணக்கு சரிதான். ஆறு அங்குலப் படி மூன்று என்றால் 18 அங்குலம், ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். ஏன் இவ்வளவு என்பதை எடையில் சொன்னால் புரியும். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்று வையுங்கள். 1:12 சாய்வில் மேலே தள்ள ஏறக்குறைய ஏழரை கிலோ விசை போதும். 1:6இல் 15 கிலோ, 1:4இல் 22 கிலோ. அந்த 22 கிலோவைத் தள்ளப்போவது பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டிய மனைவி. இறக்கும்போதும் அதே எடையைத் தாங்கிப் பிடித்தபடி வரவேண்டும்.

பதினெட்டு அடியும் நேராக இருக்கவேண்டும் என்பதில்லை. வீட்டின் பக்கவாட்டில், காம்பவுண்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து நான்கு அடி இருந்தால் ராம்ப்பை அங்கே ஓட்டி, மூலையில் திருப்பி வாசலுக்குக் கொண்டுவரலாம். திருப்புகிற இடத்தில் 5 அடிக்கு 5 அடி சமதளம் விடவேண்டும். முன்வாசலை விட்டுப் பின்வாசலையும் பாருங்கள், பல வீடுகளில் அங்கே ஒரு படிதான் இருக்கும். சமையலறை வழியாக அப்பாவை அழைத்துப்போவதா என்று தயங்குவார்கள். தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வாசலில் இறங்குவதற்கு அது எவ்வளவோ மேல்.

உயரம் குறைவு என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். இடமே இல்லாத பழைய கட்டடங்களுக்கு அமெரிக்க விதிகளில் 6 அங்குலம் வரை 1:10, 3 அங்குலம் வரை 1:8 அனுமதி உண்டு. அதற்கு மேல் உயரம் இருந்து இடமும் இல்லை என்றால், செங்குத்தாக ஏறி இறங்கும் சின்ன மேடை லிஃப்ட் பற்றி விசாரியுங்கள். 1:5இல் ஒரு ராம்ப் கட்டி மனதைத் தேற்றிக்கொள்வதில் அர்த்தமில்லை.

4. தெருப் பக்கம் நீட்டிக் கட்டிக்கலாமே? எல்லாரும் அப்படித்தானே கட்டியிருக்காங்க?

கட்டியிருக்கிறார்கள்தான். மழைநீர் வடிகால் வேலையோ நடைபாதை வேலையோ வரும்போது முதலில் இடிபடுவதும் அவைதான். தெருவும் கால்வாய் மூடியும் உள்ளாட்சி அமைப்புக்குச் சொந்தம். அங்கே நிரந்தரமாகக் கட்டுவது ஆக்கிரமிப்பு, காரணம் எதுவானாலும். கால்வாய் மேல் சிமெண்ட் போட்டு அடைத்தால் தூர் வாரவும் முடியாது, மழையில் உங்கள் வீட்டுக்கே தண்ணீர் வரும்.

ராம்ப் முழுவதும் காம்பவுண்டுக்குள் முடியட்டும். கேட்டுக்கும் தெருவுக்கும் நடுவே சில அங்குலம் மிஞ்சினால், தூக்கி எடுக்கிற மாதிரி இரும்புத் தகடு ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. ரோடு போட்டுப் போட்டு தெருவே உயர்ந்துபோச்சு. இப்ப ராம்ப்போட அடியில தண்ணி நிக்குது. என்ன செய்ய?

பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய ரோடு போடவேண்டும் என்று 2021இல் தமிழக அரசு உத்தரவிட்டது. அதற்கு முன்பு போட்ட அடுக்குகள் அப்படியே இருக்கின்றன. தெரு உயர்ந்தால் வாசலுக்கும் தெருவுக்கும் உள்ள உயர வித்தியாசம் குறைகிறது, அந்த வகையில் ராம்ப்புக்கு நல்லதுதான். கெடுதல் கேட்டில் இருக்கிறது. தெருவிலிருந்து உள்ளே வந்ததும் ஒரு பள்ளம், அப்புறம் ராம்ப். அந்தப் பள்ளத்தில்தான் தண்ணீரும் சேறும் தங்கும்.

ராம்ப்பின் கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, முற்றத்தைத் தெரு மட்டத்துக்கு மேல் ஓரிரு அங்குலம் உயர்த்திக் கான்கிரீட் போடுங்கள். சாய்வு கேட்டைப் பார்த்து இருக்கட்டும். உயர்த்திய மட்டத்திலிருந்து ராம்ப்பைப் புதிதாக இணைக்கும்போது அதன் நீளமும் குறைந்துவிடும். வீட்டுத் தரையே தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது என்றால் அது ராம்ப் வேலை இல்லை, தரையை உயர்த்தும் வேலை.

6. கட்டி ரெண்டு வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள உட்கார்ந்துடுச்சு. ஏன்?

அடிமண். பக்கச் சுவர் இரண்டையும் எழுப்பிவிட்டு, நடுவே இடித்த செங்கல், சாந்துக் கட்டி, கிடைத்த மண் எல்லாவற்றையும் கொட்டி, அன்றைக்கே மேலே கான்கிரீட் போட்டுவிடுவார்கள். ஒரு மழைக்காலம் போதும், உள்ளே மண் இறங்கி மேல்தளம் அந்தரத்தில் நிற்கும். பிறகு நாற்காலியின் எடையில் அது முறிகிறது. கிராவலை ஆறு முதல் ஒன்பது அங்குல அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் விட்டு, திம்சு போட்டு இடித்துத்தான் நிரப்பவேண்டும். கூலி கொஞ்சம் கூடும்.

இரண்டாவது காரணம் பெருச்சாளி. பக்கச் சுவரின் அடியில் கை நுழையும் அளவு துளையும், பக்கத்தில் குவிந்த புது மண்ணும் இருந்தால் உள்ளே குடியிருக்கிறது என்று அர்த்தம். துளையைத் தோண்டித் திறந்து, கண்ணாடிச் சில்லு கலந்த கான்கிரீட்டால் அடைப்பது பழைய வழி, இன்றும் அதுதான் நிற்கிறது. வாஷிங் மெஷின் தண்ணீர், ஏ.சி. தண்ணீர், மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய் ஆகியவை ராம்ப் ஓரத்தில் விழுகின்றனவா என்றும் பாருங்கள்.

கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் கரிசல் மண் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். மழையில் மண் ஊதும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும், மேலே இருப்பதையும் சேர்த்து ஆட்டும். அங்கே கரிசலை இரண்டு மூன்று அடியாவது வெட்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பாமல் ராம்ப் கட்டாதீர்கள்.

7. சின்னப் பள்ளம்தான், உள்ளங்கை அளவு. ஒட்டுப் போட்டா ஒரு மாசத்துல பெயர்ந்துடுது. எப்படித்தான் ஒட்டுறது?

பள்ளத்தின் ஓரத்தில் சாந்தைக் காகிதம்போல் மெலிதாக இழுத்துவிடுவதுதான் கோளாறு. அந்த மெல்லிய ஓரம் முதலில் உடையும், அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், பிறகு மொத்தமும் தட்டாகக் கழன்று வரும். கட்டிங் மெஷினால் பள்ளத்தைச் சுற்றிச் சதுரமாக வெட்டி, உள்ளே ஒரு அங்குல ஆழமாவது கொத்தி எடுங்கள். ஓரம் செங்குத்தாக நிற்கவேண்டும். தூசியை முழுக்கக் கழுவி, முதல் நாள் இரவே தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். காலையில் ஈரம் இருக்கட்டும், தேங்கிய தண்ணீர் இருக்கக்கூடாது.

பிறகு ஒட்டுவதற்கான லேட்டெக்ஸ் ரசாயனத்தைச் சிமெண்ட் பாலில் கலந்து பிரஷ்ஷால் தடவி, அது காயும் முன்பே கலவையைப் போட்டு அழுத்துங்கள். கலவையில் வெறும் மணல் போதாது, 12 மி.மீ. சின்ன ஜல்லியும் வேண்டும். ஆழம் ஒரு அங்குலத்துக்கும் குறைவு, கொத்தவும் வழியில்லை என்றால் சாதாரணச் சாந்து வேண்டாம். பெயிண்ட் கடையில் மூட்டையாகக் கிடைக்கும் பாலிமர் கலந்த ரிப்பேர் சாந்தை வாங்குங்கள். நனைத்த சாக்கால் மூடி, காயவிடாமல் ஒரு வாரம் தண்ணீர் விடுங்கள். ஒரு சட்டித் தண்ணீரைக் காலையில் ஊற்றிவிட்டு மாலைவரை வெயிலில் விட்டால் அதற்குப் பெயர் கியூரிங் இல்லை.

8. வழுக்காம இருக்க கொத்தனார் கயிறு வெச்சு ஆழமா கோடு போட்டுத் தர்றேங்கிறார். சரிதானே?

பைக் டயருக்குச் சரி, நாற்காலிக்குச் சரியில்லை. சக்கர நாற்காலியின் முன்னால் உள்ள சின்னச் சக்கரங்கள் ஒவ்வொரு கோட்டிலும் விழுந்து எழும். தண்டுவடக் காயம் உள்ளவருக்கு அந்த அதிர்ச்சி இடுப்புவரை ஏறும், சிலருக்குக் காலில் தசை இழுப்பே வந்துவிடும். சக்கரம் கொஞ்சம் திரும்பினால் கோட்டில் சிக்கிக்கொள்ளும்.

கான்கிரீட் சற்று இறுகத் தொடங்கியதும் தென்னந்துடைப்பத்தால் குறுக்காக, ஒரே திசையில், லேசாக இழுக்கச் சொல்லுங்கள். விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியவேண்டும், கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியக்கூடாது. கொத்தனார் பழக்கத்தில் மேலே சிமெண்ட் தூவிக் கரண்டியால் மழமழவென்று தேய்க்க வருவார். அது அவருக்கு அழகான வேலை, தடுத்துவிடுங்கள்.

9. டைல்ஸ் ஒட்டிட்டா தேயவே தேயாதே? மிச்சம் கிரானைட்கூட இருக்கு.

பளபளக்கும் கிரானைட்டும் வழவழப்பான டைல்ஸும் மழையில் வழுக்கும். நாற்காலியைத் தள்ளுபவரின் ரப்பர் செருப்பு வழுக்கினால் இரண்டு பேரும் போய்ச் சேரும் இடம் கேட். தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட் என்றால் பரவாயில்லை. பார்க்கிங் டைல்ஸில் மேடு பள்ளம் குறைவாக உள்ளதாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் 8ஆம் பதிலில் சொன்ன அதே குலுக்கல்தான். இன்னொன்று, அடியில் காலியாக ஒலிக்கும் ராம்ப்பின் மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்தால் ஆறு மாதத்தில் டைல்ஸும் சேர்ந்து உடையும்.

10. மழைக்காலத்துல பாசி பிடிச்சு கால் வைக்க முடியலை. ஆசிட் ஊத்தலாமா?

வேண்டாம். ஆசிட் பாசியோடு சேர்த்துச் சிமெண்டையும் தின்னும், சொரசொரப்புப் போய் ஜல்லி வெளியே வரும். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடரும் கழிவறை கழுவும் ஆசிட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றுசேரக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சைப் பிடித்துவிடும்.

பாசி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே தண்ணீர் நிற்கிறது, அல்லது எங்கிருந்தோ கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் தேய்த்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ராம்ப்பின் குறுக்கே மிக லேசான சரிவு இருக்கவேண்டும், நான்கு அடி அகலத்துக்கு ஒரு அங்குலத்தைத் தாண்டாமல். அதற்கு மேல் போனால் நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கும்.

11. வாசல்ல கோலம் போடாம எப்படிங்க? ராம்ப் மேலதான் இடம் இருக்கு.

போடுங்கள். அரிசி மாவும் கோலப்பொடியும் காய்ந்த தரையில் ஒன்றும் செய்யாது. நாற்காலி காலையில் வெளியே போகும் வீடு என்றால், தண்ணீர் தெளித்த ஈரம் காயும்வரை பொறுங்கள், அல்லது கோலத்தைக் கீழே சமதளத்தில் போடுங்கள். எனாமல் பெயிண்டில் நிரந்தரக் கோலம் மட்டும் ராம்ப்பில் வேண்டாம், அந்த வெள்ளைக் கோடுகள் மழையில் கண்ணாடிதான்.

12. எவ்வளவு அகலம் வைக்கணும்?

நாற்காலி இரண்டேகால் அடிக்குள் அடங்கிவிடும். ஆனால் சக்கரத்தைத் தள்ளும் முழங்கை வெளியே நீளுமே! கைப்பிடிகளுக்கு நடுவே மூன்று அடிக்குக் குறையக்கூடாது, நான்கு அடி இருந்தால் நிம்மதி. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரும் வீட்டில் இருக்கிறது என்றால், அதை டேப்பால் அளந்து இரண்டு பக்கமும் அரை அடி கூட்டிக்கொள்ளுங்கள்.

அகலத்தைவிட அதிகம் மறப்பது மேலே உள்ள சமதளம். கதவுக்கு முன்னால் 5 அடிக்கு 5 அடி தட்டையாக இருக்கவேண்டும். நம் வீடுகளில் கிரில் கேட் வெளிப்பக்கமாகத் திறக்கும். சமதளம் இல்லாவிட்டால், சரிவில் பின்னால் போனபடி கேட்டைத் திறக்கவேண்டியிருக்கும். யாராலும் முடியாது. கேட்டை உள்பக்கம் திறக்கும்படி மாற்றுவது அல்லது தள்ளு கேட்டாக ஆக்குவது சிலசமயம் ராம்ப் வேலையைவிட மலிவு.

13. கைப்பிடி கண்டிப்பா வேணுமா? போட்டது ரெண்டே வருஷத்துல அடியில துரு பிடிச்சு ஆடுது.

வேண்டும், இரண்டு பக்கமும். உட்கார்ந்தவருக்கு இரண்டரை அடியில் ஒன்று, நடப்பவருக்கு மூன்று அடியில் ஒன்று. குழாய் ஒன்றரை அங்குலப் பருமனில் உருண்டையாக, மேலேயும் கீழேயும் ராம்ப் முடிந்த பிறகும் ஒரு அடி நீண்டிருக்கட்டும். சுவரை ஒட்டி வந்தால் விரல் நுழைய இரண்டு அங்குல இடைவெளி. ராம்ப்பின் திறந்த ஓரத்தில் மூன்று அங்குல உயரத்துக்கு ஒரு விளிம்புக் கட்டை, சக்கரம் நழுவாமல் இருக்க.

துரு எப்போதும் குழாய் கான்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தில்தான் தொடங்கும், அங்கே தண்ணீர் தேங்குவதால். குழாயைச் சுற்றிச் சிறிய மேடு கட்டிவிட்டால் தண்ணீர் வழிந்துவிடும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்று சொல்லி மலிவான 202 தரத்தைத் தலையில் கட்டுவது சகஜம், காந்தத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. 304 என்று பில்லில் எழுதி வாங்குங்கள், சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனைத் திரவமும் கிடைக்கிறது. கடலோர ஊர் என்றால் 316 கேளுங்கள். அதற்குப் பணம் இல்லை என்றால் மலிவு எஸ்.எஸ்.ஸைவிட துத்தநாகம் பூசிய நல்ல கனமான ஜி.ஐ. இரும்புக் குழாய் மேல்.

14. வாசற்படிக்கட்டை ரெண்டு அங்குலம் நிக்குது. மஞ்சள் குங்குமம் வைக்கிற இடம், அம்மா வெட்டவிட மாட்டாங்க.

வெட்டவேண்டாம். வெளிப்பக்கம் ராம்ப்பின் சமதளத்தையே கட்டையின் மேல்மட்டத்துக்குக் கால் அங்குலம் கீழேவரை உயர்த்திவிடலாம். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அந்தச் சமதளம் வெளிப்பக்கம் லேசாகச் சரியவேண்டும். உள்பக்கம் இரண்டு அங்குலம் இறங்க, இரண்டு அடி நீளத்தில் ரப்பரிலோ மரத்திலோ ஓர் ஆப்பு செய்து போடுங்கள். ஒட்டாமல் விட்டால் வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டு மஞ்சள் பூசிக்கொள்ளலாம். நகராமல் இருக்க அடியில் ரப்பர் மெத்தை ஒட்டவேண்டும்.

கால் அங்குலத்துக்கு மேல் எந்த விளிம்பு நின்றாலும் முன்சக்கரம் முட்டி நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். ராம்ப்பில் விழும் விபத்துகளைவிட இந்த விளிம்பில் விழுபவைதான் அதிகம் என்பது என் அனுபவம்.

15. ராம்ப் அடிமுனை மட்டும் திரும்பத் திரும்ப உடையுது. ஏறும்போது கால்வைக்கிற தகடும் இடிக்குது.

தரையின் மேல் கான்கிரீட்டைப் பூஜ்யத்துக்கு இழுத்து முடித்திருப்பார்கள். 7இல் சொன்ன மெல்லிய ஓரக் கதைதான் இங்கேயும். கீழ்முனையில் தரையை நான்கு அங்குலம் வெட்டி, ராம்ப் முழுக் கனத்தோடு மண்ணுக்குள் இறங்கி, தரைமட்டத்தில் முடியவேண்டும்.

தகடு இடிக்கிறது என்றால் அடியில் சாய்வு திடீரென்று தொடங்குகிறது. 1:12 ராம்ப்பில், எதிரே தரையும் தட்டையாக இருந்தால் இது வராது. தெருச் சரிவு எதிர்ப்பக்கமாக இறங்கி வந்து ராம்ப்பில் முட்டும்போது வரும். நடுவே நான்கைந்து அடி சமதளம் கொடுத்தால் சரியாகிவிடும்.

16. புது ராம்ப் போட்டா எத்தனை நாள் ஏறக்கூடாது? அப்பாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ் இருக்கே!

இதை யோசிக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். கான்கிரீட் தரநிலை ஐ.எஸ். 456 சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. இப்போது கடையில் அதிகம் கிடைக்கும் பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள், நம் ஊர் வெயிலுக்கு 14 நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வாரம் கழித்து ஆளும் நாற்காலியும் ஏறலாம், ஈரம் காப்பதை மட்டும் தொடருங்கள். பைக்கைப் பதினான்கு நாளாவது கீழேயே நிறுத்துங்கள்.

அந்த ஒரு வாரத்துக்கு வழி இரண்டு. பின்வாசலில் தற்காலிக ராம்ப் போடலாம், மடக்கும் அலுமினிய ராம்ப் வாடகைக்குக் கிடைத்தாலும் போதும். அல்லது அகலத்தை இரண்டாகப் பிரித்து, பழைய ராம்ப்பில் பாதியை விட்டுவைத்துக் கட்டலாம். ஆனால் பாதி அகலம் மூன்று அடி வரவேண்டும், நடுவில் வரும் இணைப்பும் சிலசமயம் தலைவலி. முடிந்தவரை முதல் வழியையே சொல்வேன். படியில் நான்கு பேர் தூக்கிக்கொள்கிறோம் என்பதை மட்டும் வழியாக எண்ணவேண்டாம். தூக்குகிறவர்களில் ஒருவர் வராத நாளில்தான் ஆம்புலன்ஸ் தேவைப்படும்.

17. கான்கிரீட் எவ்வளவு பிடிக்கும்? கம்பி போடணுமா?

18 அடி நீளம், 4 அடி அகலம், 4 அங்குலக் கனம் என்றால் 24 கன அடி. 1:1½:3 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) ஆறு மூட்டை சிமெண்ட் பிடிக்கும். பக்கச் சுவர், அடி பெட், சமதளம் இவற்றுக்குத் தனி. கிராவலை நன்றாக இடித்து நிரப்பியிருந்தால் 8 மி.மீ. கம்பியை முக்கால் அடிக்கு ஒன்றாகக் கட்டினால் போதும். கம்பிக்கு அடியில் கவர் கட்டை வையுங்கள். மண்ணில் படுத்துக் கிடக்கும் கம்பியால் பயனில்லை, துருதான் பிடிக்கும்.

கலவையில் தண்ணீரைக் கூட்டிக் கஞ்சி மாதிரி ஆக்கினால் வேலை சுலபம். சரிவில் அது கீழே ஓடி, மேல்முனை வெறும் ஜல்லியாக நிற்கும். கெட்டியாகக் கலந்து, கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு வரச்சொல்லுங்கள்.

18. இரும்பிலயோ மரத்திலயோ செஞ்சா சீக்கிரம் முடிஞ்சிடாதா?

முடியும். வாடகை வீட்டுக்கு அதுதான் சரி, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். சுவரில் ஓட்டை போடாமல் சொந்தக் காலில் நிற்கும்படி செய்தால் வீட்டுக்காரரும் மறுக்கமாட்டார். மேடு வரி போட்ட இரும்புத் தகடு (செக்கர் பிளேட்) ஈரத்தில் வழுக்கும், சித்திரை வெயிலில் வெறுங்கால் வைக்கமுடியாது. மேலே மணல் ஒட்டிய வழுக்காத பட்டையை ஒட்டி, வருடம் ஒருமுறை மாற்றவேண்டும். கம்பிச் சட்டம் போட்டால் இடைவெளி அரை அங்குலத்துக்குள், கம்பிகள் நாற்காலி போகும் திசைக்குக் குறுக்காக இருக்கவேண்டும்.

மரத்தை வெயில், மழை, கரையான் மூன்றும் தின்னும். சென்னை மெரினாவில் கடலைப் பார்க்க 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை, அடுத்த மாதம் வந்த மாண்டஸ் புயலில் சேதமாகிச் சரிசெய்யப்பட்டது. பராமரிக்க ஆள் உள்ள பொது இடத்துக்கு மரம் சரி. வீட்டுக்கு, ஓரிரு மாதத் தேவைக்கு மட்டும்.

19. ராம்ப் கட்டின பிறகு ஹால் சுவர்ல ஓதம் ஏறுது. சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது. அடித்தளத்துக்கு மேலே, ஈரம் ஏறாமல் தடுக்க ஒரு கான்கிரீட் பட்டை போட்டிருப்பார்கள். ராம்ப்புக்கு நிரப்பிய மண் அந்தப் பட்டைக்கும் மேலே சுவரைத் தொட்டால், ஈரம் அதைத் தாண்டிச் சுவருக்குள் போகும். கரையானுக்கும் அது ராஜபாட்டை. மண் சுவரைத் தொடக்கூடாது. ராம்ப்புக்குத் தனிப் பக்கச் சுவர் எழுப்பி, வீட்டுச் சுவருக்கும் அதற்கும் நடுவே அரை அங்குலம் விட்டு, மேலே ரப்பர் போன்ற சீலண்ட்டால் அடைக்கவேண்டும். அந்த இடைவெளி இருந்தால் ராம்ப் தனியாக இறங்கினாலும் வீட்டுச் சுவரில் விரிசல் வராது.

ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றால் சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு வெட்டி எடுத்துச் சரிசெய்வதுதான் வழி. ஹாலுக்குள் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிப்பது பணச்செலவு மட்டுமே.

20. பேட்டரி நாற்காலி வாங்கப்போறோம். பழைய ராம்ப் தாங்குமா?

எடை நிறையக் கூடும். நாற்காலி மட்டும் 50 கிலோவைத் தாண்டலாம், அதோடு ஆள். நல்ல அடிமண் மேல் உள்ள நான்கு அங்குலக் கான்கிரீட் கவலைப்படாது, காலியாக ஒலிப்பது உடையும். வாங்கும் முன்பே 1இல் சொன்ன தட்டிப் பார்க்கும் வேலையைச் செய்துவிடுங்கள். மோட்டார் இழுக்கும் என்பதற்காகச் செங்குத்து ராம்ப்பை அப்படியே விடவும் கூடாது. அந்த மாடல் எத்தனை டிகிரி வரை ஏறலாம் என்று கையேட்டில் போட்டிருக்கும், அதற்கு மேல் போனால் பின்பக்கம் கவிழும்.

21. இந்த அளவெல்லாம் சட்டப்படி வீட்டுக்கும் கட்டாயமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் அணுகல் விதிகளும், மத்திய அரசின் 2021 ஒருங்கிணைந்த வழிகாட்டுதலும் பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களுக்கானவை. உங்கள் சொந்த வீட்டு ராம்ப்பை யாரும் வந்து அளக்கப்போவதில்லை. 1:12ஐ நான் வற்புறுத்துவது மேலே 3இல் சொன்ன எடைக் கணக்குக்காக. அடுக்குமாடி என்றால் பொது வாசலில் ராம்ப் கட்டச் சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

22. வேலை முடிஞ்சுதுன்னு கொத்தனார் மீதிப் பணம் கேக்கிறார். என்னென்ன பார்த்துட்டுக் கொடுக்கணும்?

ஈரம் காக்கும் நாட்கள் முடிந்த பிறகுதான் மீதி என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பிறகு மேலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். கால் மணி நேரம் கழித்தும் தண்ணீர் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். சட்டத்தையும் ரசமட்டத்தையும் வைத்து மூன்று இடத்தில் மறுபடி அளவெடுங்கள்.

கடைசியாக, நாற்காலியில் உட்காரப்போகிறவரே உட்காரட்டும். கொத்தனாரின் பையனை உட்காரவைத்துத் தள்ளிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தினமும் யார் தள்ளுவாரோ அவரே தள்ளட்டும். ஈரமான ராம்ப்பில் ஏறி, நடுவில் நிறுத்தி பிரேக் போட்டு, கதவைத் திறந்து உள்ளே போய், திரும்பி இறங்கி வரட்டும். இறங்கும்போது தள்ளுபவருக்குப் பயமாக இருந்தால், அவர் கீழ்ப்பக்கம் நின்று நாற்காலியைப் பின்புறமாக இறக்குவது பாதுகாப்பு. எங்காவது குலுங்கியது, இடித்தது, இழுத்தது என்று உட்கார்ந்திருப்பவர் சொல்லும் இடத்தையும் குறியுங்கள். அந்தக் குறிகளைக் கொத்தனாரிடம் காட்டி, கிரைண்டிங் மெஷினோடு இன்னொரு நாள் வரச்சொல்லுங்கள். மீதிப் பணம் அன்றைக்கு.